பன்னிரண்டு பாகம்

முத்தலிப்பின் இடது காலில் ஊசியால் குத்தினால் அவருக்குத் தெரியாது. மாதத்தில் இரண்டு தடவை நானே குத்திப் பார்த்து எழுதியிருக்கிறேன். பெருவிரல் தெரியாது, கணுக்கால் தெரியாது, முழங்கால் கொஞ்சம் தெரியும். "அந்தக் கால்ல ஆள் இல்ல மிஸி, மறுகா வாங்க" என்பார். முதல் தடவை சிரித்தேன். பத்தாவது தடவையும் அதே பகிடியைச் சொன்னபோது வலது காலில் கொஞ்சம் அழுத்தியே குத்தினேன். அதற்குப் பிறகும் அவர் விடவில்லை.

என் பெயர் மாகிரட். முப்பத்திரண்டு வருடம் தாதியாக, நோயாளிகளுக்கு மிஸியாக இருந்து ஓய்வு பெற்றவள். திருகோணமலை டவுனில் வீடு. ஓய்வு பெற்று மூன்றாவது மாதமே வீட்டுச் சுவர்களோடு சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டேன். அந்த நேரம் டொக்டர் சுஹைரா தன்னுடைய ஆய்வுக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு நானாகவே போய் நின்றேன்.

கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிற சுழியோடிகளைப் பற்றிய ஆய்வு அது. ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு அவசரமாக மேலே வந்தால், உடம்பில் கரைந்திருந்த நைதரசன் குமிழி குமிழியாகக் கிளம்பும். மூடி திறந்த சோடாப் போத்தல் மாதிரித்தான். முள்ளந்தண்டுக்குள்ளே ஓடுகிற நரம்புக் கொத்தை முண்ணாண் என்போம். குமிழிகள் அங்கே போய் அடைத்தால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இயங்காது. அரை மணித்தியாலத்துக்குள் ஒட்சிசன் கொடுத்து, ஆறு மணித்தியாலத்துக்குள், காற்றழுத்தத்தைக் கூட்டிக் குமிழியைக் கரைக்கிற அழுத்தக் கூடத்தில் வைத்தால் எத்தனை பேருக்குக் கால் திரும்புகிறது, தாமதித்தால் எத்தனை பேருக்குத் திரும்பாமல் போகிறது என்பதை டொக்டர் அறிய விரும்பினார். அதற்காக ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எத்தனை பாகம் ஆழம், எத்தனை சிலிண்டர், எவ்வளவு நேரம் என்று எழுதி வைக்க வேண்டும். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். இந்தக் கரையில் ஆழத்தை வேறு அளவில் யாரும் சொல்வதில்லை.

கிண்ணியாப் பக்கத்துக் கரை ஒன்றில் அந்தக் கொப்பியை எழுதும் பொறுப்பு முத்தலிப்புடையது. மீனவர் தங்கும் வாடியில், ஓலைக் கொட்டிலின் கீழே, ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு ஒட்சிசன் சிலிண்டர், ஒரு போன், ஒரு கொப்பி. விடிய முன், வெள்ளாப்பில், படகுகள் போகும் முன் வந்து உட்காருவார். கடைசிப் படகு வந்த பிறகுதான் பொல்லை ஊன்றிக்கொண்டு எழும்புவார்.

அவரும் சுழியோடியாக இருந்தவர்தான். பத்தொன்பது வயதில் இறங்கத் தொடங்கி முப்பத்து நாலு வயதில் நின்றுபோனது. முதல் நாள் டொக்டர் சுஹைரா அவரிடம் வேலையைப் பற்றிச் சொன்னபோது அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"உங்கட ஆக்கள்தான் என்ட கால எடுத்தது, டொக்டர். முதுகு நோகுது, கால் விறைக்குதுண்டு போனனான். ஒரு டொக்டர் பாத்திட்டு, பிடிப்புண்டு சொல்லிக் குளிசை தந்து அனுப்பிட்டார். விடிய எழும்பினா இடுப்புக்குக் கீழ ஆள் இல்ல. இனி ஒருத்தனுக்கும் அப்பிடி நடக்கக்கூடாதுண்டுதான் இந்த வேலைக்கு வாறன்."

அவருடைய மனைவி ஸுல்பிகா அந்த டொக்டரைத் தொழுகைக்குப் பின் ஏசுவதாக எனக்கு ஒளிக்காமல் சொன்னாள். பதினொரு வருடமாக ஒவ்வொரு பின்னேரமும் அந்தக் காலுக்கு எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவள் அவள். ஏசட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் நானும் சேர்ந்து ஏசினேன். வார்டில் அப்படி அவசரக்காரர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். கொப்பியின் முதல் பக்கத்தில் முத்தலிப்பின் பழைய கதையையும் நானே கேட்டு எழுதினேன். ஆழம்: பன்னிரண்டு பாகம்.

கொப்பி நன்றாகத்தான் நிரம்பியது. பன்னிரண்டு பாகம், பதினொரு பாகம், பன்னிரண்டு, பதின்மூன்று, மறுபடியும் பன்னிரண்டு. பதினொரு மாதம். என்ன ஒழுங்கான ஆட்கள் என்று மெச்சிக்கொண்டு டவுனுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். என் மண்டையில் அப்போதே ஒன்று உறைத்திருக்க வேண்டும். கடலுக்கு அடி என்ன சீமெந்துத் தரையா, எல்லாரும் எந்த நாளும் பன்னிரண்டு பாகத்திலேயே நிற்க?

அது ஒரு செவ்வாய்க்கிழமை. கொப்பி எடுப்பதற்காக ஆய்வுக்கென்று தந்த வான் வண்டியில் போய் இறங்கினேன். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. கரையில் ஐந்து படகுகள். வலை காயப்போடுகிறவர்கள், எஞ்சின் கழற்றுகிறவர்கள், சும்மா நிற்கிறவர்கள் என்று இருபது பேர் இருப்பார்கள். கலீலுர் றஹ்மானின் படகு அலையைக் கிழித்துக்கொண்டு வந்து மணலில் ஏறியது. அவர் தன் படகைத் தானே ஓட்டுகிற சம்மாட்டி. அப்படி வேகமாக அவர் கரை பிடித்து நான் கண்டதில்லை.

பாஹிம் தானாகவே இறங்கினான். ஸுல்பிகாவின் தம்பி, முத்தலிப்புக்கு மச்சான், இருபத்தாறு வயது. இரண்டு அடி நடந்தான். மூன்றாவது அடியில் முழங்கால் மடிந்தது. படகைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

"முதுகு பிடிச்சிட்டு மிஸி. சிலிண்டர் தூக்கினதுல."

முத்தலிப் சிரிக்கவில்லை. கதிரையிலிருந்து எழும்பி, காலை இழுத்து இழுத்து அவனிடம் போனார். "வயித்தச் சுத்திக் கயிறு கட்டி இறுக்கினாப்போல இரிக்கா?"

பாஹிம் வேறு பக்கம் பார்த்தான்.

"ஒண்டுக்குப் போனியா?"

"வரல்ல."

"மிஸி, ஒட்சிசன்!" என்று முத்தலிப் கத்தினார். நான் ஓடினேன். அறுபத்தொரு வயதில் மணலில் ஓடுவது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் முகமூடியோடு வருவதற்குள் கலீலுர் றஹ்மான் பாஹிமின் தோளைப் பிடித்துப் படகுப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். "அதெல்லாம் மறுகா பாப்பம். ஏறுடா, திரும்ப இறக்குவம். அரை மணித்தியாலம் கீழ வச்சு எடுத்தா விட்டுடும்." இவர்களிடம் காலங்காலமாக இருக்கிற வைத்தியம் அது. கால் விறைத்தவனைத் திரும்பக் கடலுக்குள் இறக்குவார்கள். சிலருக்குக் கொஞ்சம் சுகமாகும். மேலே வந்ததும் முன்னதைவிட மோசமாகும். சிலர் மேலே வருவதே இல்லை.

முத்தலிப் தன் பொல்லைப் படகுக்குக் குறுக்கே வைத்தார். "என்னையும் இப்பிடித்தான் அடுத்த நாள் இறக்கினீங்க, றஹ்மான் நானா."

கலீலுர் றஹ்மானின் கை தானாக விழுந்தது. பாஹிமை ஓலைக் கொட்டிலின் கீழே படுக்க வைத்து முகமூடியை மாட்டினேன். டொக்டர் சுஹைராவுக்குப் போன் எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். அந்த ஸ்பீக்கர்தான் நான் செய்த பிழை. அப்போது எனக்கு அது தெரியாது.

"எத்தனை பாகம்? எத்தனை சிலிண்டர்?" டொக்டரின் முதல் கேள்வி அதுதான்.

பாஹிம் முகமூடியை ஒரு பக்கமாக விலக்கினான். சுற்றி நின்ற ஐந்து படகுக்காரர்களையும் ஒரு தரம் பார்த்தான். "பன்னெண்டு. ஒரு சிலிண்டர்."

போனில் கடதாசி புரட்டுவது கேட்டது. "மிஸி, அந்தக் கரையில பன்னிரண்டு பாகத்தில இறங்கினவை பதினொரு மாசத்தில அறுநூறு தரத்துக்கு மேல. ஒரு ஆளுக்கும் ஒண்டும் வரேல்லை. உங்கட கொப்பியே அதைத்தான் சொல்லுது. உண்மையாவே முதுகுப் பிடிப்பா இருக்கலாம். இங்க மூதூர் ஆள் ஒருத்தர் வந்திருக்கிறார். பதினெட்டுப் பாகம், தோள்மூட்டு நோ, கை விறைப்பு. அவரைக் கூடத்துக்குள்ள ஏத்தப் போறம். ஒரு ஆள்தான் படுக்கலாம். கதவு பூட்டினா ஐஞ்சு மணித்தியாலத்துக்குத் திறக்க ஏலாது."

"டொக்டர், கொஞ்சம் பொறுங்கோ."

"பத்து நிமிஷம் தாறன். சோதிச்சுப் போட்டுச் சொல்லுங்கோ."

நான் ஊசியை எடுத்தேன். பாஹிம் கண்ணை மூடிக்கொண்டான். "தெரியுது" என்றான்.

"நான் இன்னும் குத்தேல்லை, பாஹிம்."

பிறகு குத்தினேன். பெருவிரலில் அவன் பேசவில்லை. கணுக்காலிலும் பேசவில்லை. கெண்டைக்காலில் மறுபடி "தெரியுது" என்றான். அதை நம்புவதா, விடுவதா? விரலை அசைக்கச் சொன்னேன். அசைத்தான். நான் பார்த்ததைப் போனில் சொன்னேன். அவன் முகமூடிக்குள்ளிருந்து, "ஒண்டுமில்ல டொக்டர், கால் அசையுது" என்று கத்தினான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனுக்கு ஒரு அறை விட்டிருப்பேன்.

"உண்மையச் சொல்லு மச்சான்" என்று முத்தலிப் அவன் காதுக்குள் குனிந்தார். "எத்தின பாகம்?"

"பன்னெண்டு."

அப்போது முத்தலிப்பின் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. கடலட்டை கிடக்கிற இடத்தைக் கண்டவன் ஆழத்தை வெளியே சொல்ல மாட்டான். இந்தக் கடலை உள்ளங்கை போல அறிந்தவர்கள் இவர்கள். இத்தனை பாகம் என்று ஒரு எண் வாயிலிருந்து விழுந்தால் போதும், கடலடியில் எந்தப் பாறைப் பாருக்கு அப்பால் என்று கரையில் நிற்கிற ஒவ்வொருவனும் கண்டுபிடித்துவிடுவான். விடிந்தால் அங்கே ஐந்து படகு நிற்கும். அதனால் கேட்கிற எவருக்கும் பன்னிரண்டு என்றே சொல்வது. கூட்டாளிக்கும் பன்னிரண்டு, பெண்சாதிக்கும் பன்னிரண்டு, என் கொப்பிக்கும் பன்னிரண்டு. கொஞ்சம் மாறட்டும் என்று இடைக்கிடை பதினொன்று, பதின்மூன்று. முத்தலிப்புக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினார். கொப்பி டவுனுக்குப் போகிறது, யார் யார் கையில் படுமோ, நம் ஆட்களின் இடத்தைக் காட்டிக்கொடுப்பதா என்று நினைத்திருக்கிறார்.

அந்த அறுநூறு பன்னிரண்டுகளும் இப்போது பாஹிமுக்கும் அழுத்தக் கூடத்துக்கும் நடுவில் சுவர் மாதிரி எழும்பி நின்றன.

"இன்னும் ஏழு நிமிஷம், மிஸி" என்றது போன்.

முத்தலிப் படகைப் பார்த்தார். சுழியோடி பிடித்து இறங்குவதற்கு ஈயக்குண்டு கட்டிய கயிறு ஒன்று விடுவார்கள். குண்டு அடியைத் தொட்டதும் கயிற்றை இறுக்கிப் படகின் ஓரத்தில் கட்டுவார்கள். அன்றைக்கு வந்த அவசரத்தில் கலீலுர் றஹ்மான் குண்டை இழுத்து உள்ளே போட்டாரே தவிர, கயிற்றின் கட்டை அவிழ்க்கவில்லை. அந்தக் கட்டு முதல் குண்டு வரைக்கும் எவ்வளவோ அவ்வளவுதான் ஆழம்.

அவர் பொல்லை எறிந்துவிட்டு, கட்டு இருந்த இடத்துக்கு நேரே மணலில் உட்கார்ந்தார். நின்றுகொண்டு இரண்டு கையையும் விரிக்க அந்தக் காலால் ஏலாது. கயிற்றைப் பிடித்து நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து, கை இரண்டையும் விரித்தார்.

"ஒண்டு" என்று உரக்கச் சொன்னார்.

எஞ்சின் கழற்றிக்கொண்டிருந்தவன் சாவியைப் பிடித்தபடி நிமிர்ந்தான்.

"ரெண்டு. மூண்டு."

"முத்தலிப்!" என்றார் கலீலுர் றஹ்மான். "இத்தின பேருக்கு முன்னால என்ன வேலை செய்றாய்?"

"நாலு. அஞ்சு."

"வேணாம் மச்சான்!" கொட்டிலின் கீழிருந்து பாஹிம் கத்தினான். எழும்பப் பார்த்தான். இடுப்புக்கு மேலே மட்டும்தான் எழும்பியது. தன் கால்களைத் தானே பார்த்துவிட்டு அப்படியே கிடந்தான்.

ஒன்பதாவது பாகத்தில் கலீலுர் றஹ்மான் வந்து கயிற்றின் மேல் காலை வைத்தார். முத்தலிப் நிமிர்ந்து பார்க்கவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். அது வரவில்லை. என் வாழ்க்கையில் சம்மாட்டி ஒருவரை நான் ஏசியது அன்றைக்குத்தான். "அந்தப் பெடியனுக்குத் தாய் தகப்பன் இல்லை. நாளைக்கு அவன்ர மூத்திரப் பையை ஆர் மாத்துறது, நீங்களா? எடுங்கோ காலை!"

அவர் என்னைப் பார்த்தார். முத்தலிப்பின் சூம்பிப்போன இடது காலைப் பார்த்தார். காலை எடுத்தார்.

"பத்து. பதினொண்டு. பன்னெண்டு."

பன்னிரண்டில் அவர் நிற்பார் என்று ஒரு கணம் எனக்குப் பயம் வந்தது.

"பதிமூண்டு" என்றார்.

கயிறு படகுக்குள் இன்னும் சுருண்டு கிடந்தது. பதினாறு, பதினேழு. பார்த்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவன், "யா அல்லாஹ்" என்றான். இருபத்தொன்றில் ஏனோ நின்றார். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு மறுபடி இழுத்தார். இருபத்துமூன்றில் ஈயக்குண்டு அவர் மடியில் வந்து விழுந்தது.

"இருபத்துமூண்டு பாகம், டொக்டர்."

"எத்தனை சிலிண்டர்?" போனில் டொக்டரின் குரல் மாறியிருந்தது. "கெதியாச் சொல்லுங்கோ, எத்தனை?"

முத்தலிப் கலீலுர் றஹ்மானைப் பார்த்தார். சிலிண்டரை எண்ணக் கயிறு இல்லை. சம்மாட்டி கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "மூண்டு. மூண்டாவது முடிஞ்சு, காத்து இல்லாம ஒரே மூச்சில மேல வந்தவன்."

"ஏத்துங்கோ. உடனே வானில ஏத்துங்கோ. மூதூர் ஆளைப் பிறகு பாக்கிறன்."

வானில் அவனைத் தூக்கிப் போட்டவர்களில் கலீலுர் றஹ்மானும் ஒருவர். கிண்ணியாப் பாலம் வரும்போது பாஹிமின் இரண்டு காலிலும் நான் எங்கே குத்தினாலும் அவனுக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை அவன் பொய் சொல்லவில்லை. "தெரியல்ல மிஸி, தெரியல்ல" என்று அழுதான். நான் ஒட்சிசன் முகமூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். முத்தலிப் ஏதோ ஓதிக்கொண்டு வந்தார். கூடத்தின் கதவு பூட்டப்பட்டபோது மணி பன்னிரண்டு இருபது. வெளியே வாங்குப் பலகையில் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த மூதூர்க்காரர், எங்களுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். அந்த மனுசன் உண்மையான ஆழத்தைச் சொன்னவர். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பின்னேரம் அவரையும் ஏற்றினார்கள்; தோள் சுகமாகியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஐந்து மணித்தியாலம் கழித்துக் கதவு திறந்தபோது பாஹிமின் வலது பெருவிரல் அசைந்தது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் தானாக ஒன்றுக்குப் போனான். அதற்காக ஸுல்பிகா வார்டில் அழுத அழுகையைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரர்கள் ஆரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று நினைத்தார்கள்.

கரையில் முத்தலிப்போடு இரண்டு கிழமை ஒருவரும் கதைக்கவில்லை. மறுநாளே அந்த இடத்தில் நாலு படகு போய் நின்றது. காட்டிக்கொடுத்தவன் என்று அவர் காதுபடவே சொன்னார்கள். அவர் கதிரையில் வந்து இருந்தார், போனார். பகிடி மட்டும் இல்லை.

ஒரு மாதச் சோதனைக்குப் பாஹிமை டவுனுக்குக் கூட்டி வந்தார்கள். என் தோளைப் பிடிக்காமல், பொல்லோடு, பதினேழு அடி நடந்தான். நான் எண்ணினேன். டொக்டர் சுஹைரா அதை எழுதிக்கொண்டார். பிறகு எங்கள் கொப்பியை மேசையில் வைத்து அதன் மேல் கையையும் வைத்தார்.

"ஆழம் எழுதின ஒண்டையும் இனிப் பாவிக்க ஏலாது, முத்தலிப். பதினொரு மாசம். அதைவிட, நான் அண்டைக்கு இந்தக் கொப்பியை நம்பிக் கதவைப் பூட்டியிருப்பன்." அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் முத்தலிப்புக்கு லேசாக இருந்திருக்கும். இனிமேல் சுழியோடிகளின் கையில் ஆழம் காட்டும் சிறிய கருவி ஒன்றைக் கட்டுவது என்றும், அதில் இருக்கும் எண்ணைத் தான் மட்டுமே பார்ப்பது, இடத்தைக் கேட்பதில்லை என்றும் டொக்டர் சொன்னார். அதை முதலில் கட்டிக்கொள்ளச் சம்மதித்தது கலீலுர் றஹ்மானின் படகு. மறைப்பதற்கு அவரிடம் இனி என்ன இருக்கிறது?

முத்தலிப் கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார். முதல் பக்கத்தைத் திறந்தார். அவருடைய பக்கம். என்னிடம் பேனையைக் கேட்டார். 'பன்னிரண்டு' என்று நான் எழுதியிருந்ததை ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் 'இருபத்தொன்று' என்று எழுதினார்.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தொன்றில் அவர் கயிற்றோடு நின்றது ஏன் என்று இப்போதுதான் உறைத்தது.

"பிடிப்பெண்டு சொல்லி அனுப்பின டொக்டருக்கு என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"அவர் ரெண்டு தரம் கேட்டவர், மிஸி. 'வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ'ண்டும் சொன்னவர். பக்கத்துக் கட்டில்ல நம்மட கரை ஆள் ஒருத்தன் கிடந்தான். ரெண்டு தரமும் பன்னெண்டுண்டுதான் சொன்னனான்."

ஸுல்பிகா தம்பியின் செருப்பை மாட்டிவிடக் குனிந்தவள், அப்படியே இருந்தாள். பதினொரு வருடம் அவள் உருவிவிட்ட கால் அவளுக்கு முன்னால்தான் இருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அழுவாள் அல்லது ஏசுவாள் என்று நான் எதிர்பார்த்தேன்.

"இத்தின வருஷம் நான் ஏசின அந்த டொக்டர்ட பேர் என்ன?" என்று கேட்டாள்.

முத்தலிப் பேனையை மூடி என்னிடம் தந்தார்.

"பேர் கேக்கல்ல" என்றார்.